கதவுக்குள் ஒரு ஆம்ப்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

முதலில் ஒரு பக்கக் கதவு மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். கார் ஸ்டீரியோ செட்டைப் போட்டதும் கடுகு வெடிப்பதுபோல நாலைந்து சத்தம் கேட்கும், பிறகு பாட்டு சரியாகிவிடும். சில மாதங்கள் போனதும் கடுகு நிற்காது, பாட்டோடு பாட்டாக வெடித்துக்கொண்டே இருக்கும். அப்புறம் ஒரு நாள் செட்டை அணைத்த பிறகும் அந்தக் கதவிலிருந்து மெல்லிய ரீங்காரம் வரும். கடைசியில் அந்த மூலை ஊமையாகிவிடும். எண்பதுகள், தொண்ணூறுகளின் உயர்ரகக் கார்களைப் போற்றி வைத்திருப்பவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். ஸ்பீக்கர் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் ஸ்பீக்கர் நன்றாகவே இருக்கும். போயிருப்பது அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபயர்.

இந்த இடத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது. அந்தப் பழைய ஆம்பைத் திறந்து, கெட்ட பாகங்களை மாற்றி, மறுபடியும் அதே இடத்தில் உட்காரவைப்பது ஒன்று. எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு இன்றைய ஆம்பையும் இன்றைய ஸ்பீக்கரையும் போடுவது இன்னொன்று. இரண்டையும் என் மேசையில் பல முறை செய்திருக்கிறேன். இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆனால் அவை சம எடையுள்ள நியாயங்கள் அல்ல. அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமானால் ஆம்ப் ஏன் கதவுக்குள் போனது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சாதாரணக் கார்களில் ஆம்ப் செட்டுக்குள்ளேயே இருக்கும். அங்கிருந்து நான்கு ஸ்பீக்கர்களுக்கும் வயர் ஓடும். எண்பதுகளின் தொடக்கத்தில் போஸ் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸின் டெல்கோ பிரிவும் சேர்ந்து வேறொன்றைச் செய்தன. ஒவ்வொரு ஸ்பீக்கரையும் அதற்கென அளந்து செய்த பெட்டியில் அடைத்து, அந்தப் பெட்டியிலேயே தனி ஆம்பையும் பொருத்தின. 1983 மாடல் காடிலாக் செவில், ப்யூக் ரிவியேரா போன்ற கார்களில் அது முதலில் வந்தது. அடுத்த ஆண்டே, 1984 மாடல் ஷெவர்லே கொர்வெட்டில் கூடுதல் வசதியாகக் கிடைத்தது. அந்தக் காரின் அடிப்படை விலை 21,800 டாலர். இந்த ஸ்டீரியோவுக்கு மட்டும் தனியாக 895 டாலர். கார் விலையில் நூற்றுக்கு நான்கு பங்கு பாட்டுக்காக என்றால், அது யாரும் போகிற போக்கில் வாங்கியதல்ல என்பது புரியும்.

போஸ் நிறுவனத்தை 1964இல் தொடங்கிய அமர் போஸ், எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவர். கல்கத்தாவிலிருந்து அமெரிக்கா போன வங்காளி ஒருவரின் மகன், ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். வீட்டு ஸ்பீக்கர் செய்கிறவருக்கு அது எந்த அறைக்குப் போகும் என்று தெரியாது. கூடத்துக்கும் போகலாம், பரண் அறைக்கும் போகலாம். கார் அப்படியல்ல. கண்ணாடி எங்கே, மெத்தை எங்கே, ஓட்டுகிறவரின் காது எங்கே என்பதெல்லாம் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடும். இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டும் அமெரிக்கக் காரில் இடது கதவு ஸ்பீக்கர் ஓட்டுகிறவருக்கு ஒரு முழ தூரம், வலது கதவு ஸ்பீக்கர் இரண்டு முழத்துக்கும் மேல் என்பதுகூட மாறாது. ஆகவே அந்தக் காருக்குள் மைக்ரோஃபோன் வைத்து அளந்து, எந்த ஸ்வரம் தூக்கலாக ஒலிக்கிறது, எது அமுங்கிப் போகிறது என்று பார்த்து, அதற்கேற்ற ஏற்ற இறக்கத்தை ஆம்புக்குள்ளேயே வைத்துவிடலாம். இந்த யோசனைதான் ஆம்பைக் கதவுக்குக் கொண்டுபோனது.

அதாவது ஆம்ப், ஸ்பீக்கர், பெட்டி, கார் ஆகிய நான்கும் ஒரே உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பெரும்பாலான சிக்கல்கள் தானாகப் புரியும்.

அளவெடுத்துத் தைத்ததன் அடையாளம் ஸ்பீக்கரின் ஓமிலேயே, அதாவது அதன் மின்தடையிலேயே, இருக்கிறது. கடையில் வாங்கும் கார் ஸ்பீக்கர் 4 ஓம். இந்த வகை அமைப்புகளில் இருப்பது 1 ஓம், சில கார்களில் அரை ஓம்கூட. ஏன் இவ்வளவு குறைவு? காரில் கிடைப்பது எஞ்சின் ஓடும்போது 14.4 வோல்ட் மட்டுமே. ஸ்பீக்கரின் இரு முனைகளையும் ஆம்ப் எதிரெதிராக இயக்கினாலும், அந்த வோல்ட்டுக்கு மேல் ஏற முடியாது. சைன் அலைக்குக் கணக்குப் போட்டால், இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 4 ஓமில் கிடைப்பது 26 வாட். அதே வோல்ட்டில் ஓமை ஒன்றாக்கினால் 104 வாட். கூடுதல் சர்க்யூட் எதுவும் இல்லாமலே நான்கு மடங்கு. இன்றைய கடை ஆம்புகள் இதையே வேறு விதமாகச் சாதிக்கின்றன. உள்ளே ஒரு சிறு மின்மாற்று சர்க்யூட் 12 வோல்ட்டை மேலே ஏற்றிக்கொடுக்கும், ஸ்பீக்கர் 4 ஓமாகவே இருக்கும். ஒருவர் ஓமைக் குறைத்தார், மற்றவர் வோல்ட்டை ஏற்றினார். இரண்டுமே சரியான பொறியியல். ஒன்றின் பாதியை மற்றொன்றின் பாதியோடு சேர்க்கும்போதுதான் புகை வரும்.

இனி நோய் என்ன என்று பார்ப்போம். ஆம்பின் மூடியைக் கழற்றினால் உள்ளங்கை அளவு போர்டு. அதில் வெள்ளி நிறத்தில், சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சின்னச் சின்ன டப்பாக்கள் நிற்கும். அவைதான் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள். நம் ரேடியோ கடைக்காரர்கள் கண்டென்சர் என்று சொல்வது இதைத்தான். உள்ளே அலுமினியத் தகடும், ஒரு திரவத்தில் ஊறிய காகிதமும் சுருட்டி வைத்திருக்கும். அடியில் ஒரு ரப்பர் அடைப்பு, அதைத் துளைத்துக்கொண்டு இரண்டு கால்கள். திரவம் உள்ளே இருக்கும்வரை எல்லாம் நலம்.

அந்தத் திரவம் வற்றுவதால்தான் கெபாசிட்டர் சாகிறது என்பது பொதுவான நம்பிக்கை. பொய்யல்ல, ஆனால் முழு உண்மையும் அல்ல. 85 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று முத்திரை குத்திய கெபாசிட்டரை எடுத்துக்கொள்வோம். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொறியாளர்களின் வாய்ப்பாடு. 45 டிகிரியில் ஓடினால் நான்கு முறை இரட்டித்து 32,000 மணி. தினம் இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்டால் நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கும் மேல். அப்படியானால் பத்துப் பதினைந்து வருடங்களிலேயே சில கார்களின் ஆம்ப் ஏன் படுத்தது? வாய்ப்பாட்டில் இல்லாத ஒன்று நடந்திருக்கிறது. திரவம் வற்றவில்லை, ஒழுகியிருக்கிறது.

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் முதல் சில ஆண்டுகளிலும் போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டும் சின்ன கெபாசிட்டர்கள் பரவலாயின. அவற்றில் பலவற்றில் குவாட்டர்னரி அம்மோனியம் உப்பு கலந்த திரவத்தைப் பயன்படுத்தினார்கள். மின்தடை குறைவு, குளிரிலும் நன்றாக வேலை செய்யும் என்பதற்காக. ஆனால் எதிர்மறைக் காலின் அருகே அந்தத் திரவம் காரமாக மாறி, ரப்பர் அடைப்பையே பதம் பார்த்தது. அது கார்களோடு நிற்கவில்லை. அந்தக் காலத்து ஆப்பிள் மாக்கின்டாஷ், அமிகா கணினிகள், செகாவின் கையடக்க கேம் கியர் என்று எத்தனையோ கருவிகளின் போர்டுகள் இதே நோயில் விழுந்தன. 1990இல் வந்த ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். காரை இன்று வைத்திருப்பவர்கள் கதவுப் பெட்டிகளையும், பக்கத்து இருக்கையின் கால்மாட்டில் இருக்கும் பேஸ் பெட்டியையும் கழற்றிக் கெபாசிட்டர் மாற்ற அனுப்புவது எஞ்சின் பெல்ட் மாற்றுவதைப்போல வழக்கமான பராமரிப்பாகிவிட்டது. வீட்டில் உட்கார்ந்திருந்த கணினிக்கே அந்தக் கதி என்றால், வெயிலில் நிற்கும் காருக்குச் சொல்லவே வேண்டாம். கொர்வெட்டின் பின் ஸ்பீக்கர்கள் அகலமான வளைந்த கண்ணாடிக்கு அடியிலேயே இருக்கின்றன என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

ஒழுகிய திரவத்துக்கு ஒரு வாசனை உண்டு. சால்டரிங் கம்பியின் நுனி பட்டதும் மீன் கவுச்சி அடிக்கும். முதல் முறை அதை முகர்ந்தபோது மேசைக்கடியில் எதுவோ செத்துக் கிடக்கிறது என்று தேடினேன். இப்போது எனக்கு அதுவே சோதனைக் கருவி. கெபாசிட்டரின் அடியைச் சுற்றி பளபளப்பில்லாமல் சாம்பல் பூத்த ஈயம், பக்கத்துச் செம்புத் தடத்தில் பச்சைப் பூஞ்சை மாதிரி ஒரு படலம், கம்பி பட்டதும் கவுச்சி. இந்த மூன்றும் சேர்ந்தால் வேறு எதையும் அளக்கத் தேவையில்லை.

இந்தத் திரவம் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே அது போர்டில் பரவும்போது, செல்லக் கூடாத இடங்களுக்கு மின்சாரம் வழி கண்டுபிடிக்கிறது. கடுகு வெடிப்பதும் ரீங்காரமும் அதனால்தான். இன்னொன்றும் நடக்கும், அதைப் பலர் ஆம்போடு சேர்த்துப் பார்ப்பதில்லை. ஆம்புக்குப் பேட்டரியின் மின்சாரம் நேரடியாக அல்லது ஒரு ரிலே வழியாக வருகிறது. ஆம்ப் உறங்க வேண்டிய நேரத்தில் உறங்காமல் அரை ஆம்பியர் குடித்துக்கொண்டிருந்தால், 60 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்து நாளில் காலி. நிறுத்தி வைத்த கார் குடிக்கக்கூடியது அதிகபட்சம் 50 மில்லி ஆம்பியர்தான். இரண்டு பேட்டரி மாற்றி, ஆல்டர்னேட்டரையும் மாற்றிய பிறகு என்னிடம் வந்த ஒரு காரில், கடைசியில் குற்றவாளி வலது கதவுக்குள் இருந்த கட்டைவிரல் அளவு கெபாசிட்டர்.

முதல் வழி பழுது பார்ப்பது. கதவு அட்டையைக் கழற்றுவதிலேயே பொறுமை தேவை. முப்பது ஆண்டு பிளாஸ்டிக் கிளிப்புகள் கை வைத்தாலே உடையும், ஆகவே மாற்றுக் கிளிப்புகளை முன்பே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியை வெளியே எடுத்ததும், போர்டைத் தொடும் முன் அதை இரு பக்கமும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்வேன். எந்தக் கெபாசிட்டர் எந்தப் பக்கம் திரும்பி நின்றது என்பதைத் தடம் அழிந்த போர்டு சொல்லாது, படம் சொல்லும். சில இடங்களில் திசையே இல்லாத இருமுனை வகை இருக்கும். அங்கே சாதாரண வகையைப் போட்டால் கொஞ்ச நாள் வேலை செய்து, பிறகு பழையபடி கடுகு.

கழற்றுவதுதான் கடினமான பகுதி. திரவம் ஊறிய ஈயம் லேசில் உருகாது. புதிய ஈயத்தை அதன் மேல் கொஞ்சம் கலந்து, இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் சூடாக்கி, டப்பாவை இழுக்காமல் தானாக மிதக்க விட வேண்டும். இழுத்தால் செம்புத் திட்டும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். நானே அப்படி உரித்திருக்கிறேன். நுனி விரலில் பிடித்த கெபாசிட்டரோடு, அரிசி அளவு செம்புத் திட்டும் தொங்கிக்கொண்டு வந்தது. அதிலிருந்து ஓடிய தடம் எங்கே போகிறது என்று பூதக்கண்ணாடியில் தேடி, தலைமுடி மாதிரி ஒரு வயரைப் போட்டு இணைக்க ஒரு மாலை முழுவதும் ஆனது. அந்த வயர் இன்றும் ஒழுங்காக உழைக்கிறது.

பிறகு கழுவுதல். பலர் தவறவிடும் படி இதுதான். கெபாசிட்டரை மாற்றிவிட்டுக் கழுவாமல் மூடினால், மிச்சத் திரவம் புதிய பாகத்தின் கால்களையே அரிக்கும். காரத்தன்மை உள்ளது என்பதால் முதலில் வெள்ளை வினிகரை ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, பிறகு காய்ச்சி வடித்த நீர், கடைசியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால். போர்டை ஒரு நாள் காயவிட வேண்டும். அவசரப்பட்டு மாலையிலேயே மின்சாரம் கொடுத்தவர்கள், ஐ.சி.யின் அடியில் தங்கிய ஈரத்துக்கு ஐ.சி.யையே காவு கொடுத்திருக்கிறார்கள்.

புதிய கெபாசிட்டர் 105 டிகிரி வகையாக, மின்தடை குறைந்ததாக இருக்க வேண்டும். அதே மைக்ரோஃபாரட், வோல்ட் அதே அளவு அல்லது ஒரு படி மேல். இன்றைய 105 டிகிரி பாகத்தை அதே 45 டிகிரியில் ஓட விட்டால் மேலே சொன்ன வாய்ப்பாட்டின்படி ஆயுள் இன்னும் நான்கு மடங்கு. அடைப்பு அரிப்பும் இல்லை. ஆகவே ஒழுங்காகப் பழுது பார்த்த ஆம்ப், புதிதாக வந்தபோது இருந்ததைவிட நீண்ட நாள் நிற்கும். பழுது பார்ப்பது ஒட்டுப்போடுவது, மாற்றுவதுதான் நிரந்தரம் என்று எல்லோரும் சொல்வது இந்த விஷயத்தில் தலைகீழ்.

மூடும் முன் ஒரு சோதனை. நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் சீரீஸ் லாம்ப் போட்டுப் பார்ப்பது போலவே, பேட்டரிக்கும் ஆம்புக்கும் நடுவே ஒரு 21 வாட் பல்பை வைப்பேன். ஆம்புக்குள் எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், போர்டு தப்பிக்கும். ஷார்ட் இல்லையென்றால் ஒரு நொடி மின்னி மங்கிவிடும். பிறகு ஸ்பீக்கர் முனைகளுக்கு நடுவே டி.சி. வோல்ட்டை அளக்க வேண்டும். சில பத்து மில்லிவோல்ட் இருந்தால் சரி. ஒரு வோல்ட்டுக்கு மேல் என்றால் ஸ்பீக்கரை இணைக்கவே கூடாது, ஸ்பீக்கரின் கூம்பான கோன் ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு, அதை அசைக்கும் கம்பிச்சுருளான காயில் வெந்துபோகும். இந்த ஆம்புகளில் ஸ்பீக்கரின் இரு முனைகளுமே பேட்டரியின் பாதி வோல்ட்டில் மிதப்பவை. நெகட்டிவ் என்று நினைத்து ஒன்றைப் பாடியில் தொட்டால், அத்தனை உழைப்பும் ஒரு ‘டப்’போடு முடிந்தது.

இரண்டாவது வழிக்கு வருவோம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இருக்கைக்குப் பின்னாலோ அடியிலோ நான்கு சேனல் ஆம்ப் ஒன்றை வைத்து, கதவுகளில் 4 ஓம் ஸ்பீக்கர் போடுவது. இதற்குப் பெரிய பலம் ஒன்று உண்டு. நாளைக்கு எது கெட்டாலும், எந்த ஊர்க் கடையிலும் மாற்று கிடைக்கும். ஃபோனிலிருந்து ப்ளூடூத்தில் பாட்டு வரும். பழைய காரைத் தினமும் வேலைக்கு ஓட்டிப் போகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல.

சிரமம் வயரில் தொடங்குகிறது. பழைய அமைப்பில் கதவுக்குப் போவது ஆம்புக்கான மின்சார வயரும், மெலிந்த சிக்னல் வயர் ஜோடியும். ஸ்பீக்கருக்குச் சக்தி கொண்டுபோக அந்தச் சிக்னல் வயர் போதாது. ஆகவே கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயின் வழியே புதிய வயர் கோக்க வேண்டும். முப்பது ஆண்டில் அந்த ரப்பர் இறுகிப்போய், வளைத்தால் விரிசல் விடும். அதைச் சூடான தண்ணீர்த் துணியால் சுற்றி இளக்கி, நடுவில் ஒரு மெல்லிய எஃகுக் கம்பியை விட்டு, வயரை அதில் கட்டி இழுத்தால்தான் போகும். பேட்டரியிலிருந்து வரும் முதன்மை வயருக்கு ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் வைக்க வேண்டும். ஃப்யூஸ் ஆம்பைக் காப்பாற்ற அல்ல, நடுவழியில் வயர் தேய்ந்து பாடியில் உரசினால் கார் எரியாமல் காப்பாற்ற. இதைத் தள்ளி வைத்த வேலைகளைப் பார்த்திருக்கிறேன், பார்த்த உடனே பேட்டரி டெர்மினலைக் கழற்றியிருக்கிறேன்.

அடுத்தது பெட்டி. பழைய பெட்டியின் கொள்ளளவு அந்த ஒரு ஸ்பீக்கருக்கென அளந்தது. அதில் கடையில் வாங்கிய ஸ்பீக்கரைத் திருகினால் கீழ்ஸ்வரம் வீங்கிப்போகும், அல்லது சுருங்கிப்போகும். பெட்டியை எடுத்துவிட்டுக் கதவிலேயே நேராகப் பொருத்தினால், கதவின் தகரம் ஸ்பீக்கரோடு சேர்ந்து அதிரும். அதற்கு அதிர்வை அடக்கும் தார்ப் படலம் ஒட்ட வேண்டும், மரத்தில் ஒரு வளையம் வெட்ட வேண்டும். கடைசியில் சமன் செய்தல். பழைய ஆம்பில் பொறியாளர்கள் வைத்திருந்த ஏற்ற இறக்கத்தை இனி நாம்தான் வைக்க வேண்டும். இன்று அதற்கு டி.எஸ்.பி. என்ற, டிஜிட்டல் முறையில் சமன் செய்யும் பெட்டி கிடைக்கிறது. காதருகே மைக் வைத்து ஒரு மாலை அளந்தால், பழையதைவிடச் சுத்தமான ஒலியை எடுக்கலாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அளப்பவர் எத்தனை பேர்? பெரும்பாலான மாற்றங்கள் ஸ்பீக்கரைப் போட்டு, பேஸைக் கொஞ்சம் தூக்கி வைத்துவிட்டு முடிந்துவிடுகின்றன.

இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவே ஒரு மூன்றாவது பாதை இருக்கிறது, அதில்தான் கூட்டம் அதிகம். பாதியை வைத்துக்கொண்டு பாதியை மாற்றுவது. அதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

ஸ்பீக்கரை மட்டும் மாற்றுகிறார்கள். பழைய ஆம்பின் முன் 4 ஓம் ஸ்பீக்கரை வைத்தால், மேலே போட்ட அதே கணக்கின்படி கிடைப்பது கால் பங்கு சக்தி. ஒரு கதவில் மட்டும் இப்படிச் செய்தால் அந்தப் பக்கம் கிசுகிசுக்கும், மறுபக்கம் கத்தும். உரிமையாளர் பேலன்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் செட்டைக் குறை சொல்வார். ஆம்பை மட்டும் மாற்றினால் நிலைமை இன்னும் மோசம். 4 ஓமுக்குச் செய்த ஆம்பின் முன் 1 ஓம் ஸ்பீக்கரை வைத்தால், அது தாங்கக்கூடியதைப்போல நான்கு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கப் பார்க்கும். நல்ல ஆம்பாக இருந்தால் தற்காப்பில் அணைந்துவிடும். மலிவான ஆம்பாக இருந்தால் எரியும். செட்டை மட்டும் மாற்றுவது மூன்றாவது ரகம். புதிய செட்டின் ஸ்பீக்கர் வயரை, மெல்லிய சிக்னலை எதிர்பார்க்கும் பழைய ஆம்பின் வாயில் நேரடியாகச் சொருகுகிறார்கள். இசை கேட்கும், ஆனால் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினாலே கரகரப்பு. அதற்கென்றே நடுவில் வைக்கும் அடாப்டர் இருக்கிறது. அதை வைத்தால் இந்த ஒரு பாதி மாற்றம் மட்டும் பிழைத்துக்கொள்ளும்.

இந்த மூன்றையும் பார்த்த பிறகு நான் எடுத்துக்கொண்ட விதி எளிது. அளவெடுத்துத் தைத்த சட்டையை வைத்துக்கொள்வதானால் முழுவதுமாக வைத்துக்கொள்ள வேண்டும். விடுவதானால் முழுவதுமாக விட வேண்டும்.

எப்போது வைத்துக்கொள்வது, எப்போது விடுவது என்பதை ஸ்பீக்கரின் கோன்தான் சொல்லும். முதலில் ஆம்பை அல்ல, கோனைப் பார்ப்பேன். விளிம்பு வளையம் விரலால் தொட்டதும் பொடியாக உதிர்கிறதா? இரு பக்கமும் கட்டைவிரல் வைத்து மெல்ல அழுத்தினால் காயில் உரசும் சரசரப்பு கேட்கிறதா? இரண்டும் இல்லையென்றால் அந்த ஸ்பீக்கர் இன்னும் பல வருஷம் போகும். அதன் முதுகில் இருக்கும் ஆம்பைப் பழுது பார்ப்பதே அறிவு. 1 ஓம் ஸ்பீக்கருக்கு இன்று சரியான மாற்று கிடைப்பது கடினம். அந்த அருமையை உணராமல் நல்ல கோனைக் குப்பையில் போட்டுவிட்டுப் பின்னால் தேடுகிறவர்கள் அதிகம். விளிம்பு மட்டும் உதிர்ந்திருந்தால் புதிய விளிம்பு ஒட்டித்தரும் ஆட்கள் இருக்கிறார்கள். காயில் கருகியிருந்தால்தான் முழு மாற்றத்தைப் பற்றி யோசிப்பேன்.

போர்டிலும் ஒரு எல்லை உண்டு. செம்புத் தடம் ஒன்றிரண்டு இடத்தில் அரித்திருந்தால் வயர் போட்டுச் சரிசெய்யலாம். திரவம் ஐ.சி.யின் கால்களுக்கடியில் புகுந்து பாதி போர்டைக் கறுப்பாக்கியிருந்தால், அதை உயிர்ப்பிக்கும் உழைப்பு பெரும்பாலும் வீண். அந்த நிலையில் நான் விரும்புவது இரண்டாவது வழியின் ஒரு நல்ல கிளை. பழைய ஸ்பீக்கரையும் பெட்டியையும் அப்படியே வைத்துக்கொண்டு, பழைய போர்டு இருந்த இடத்தில், 1 ஓமைத் தாங்கும் சின்ன கிளாஸ்-டி ஆம்ப் போர்டைப் பொருத்துவது. இது பாதி மாற்றம்போலத் தோன்றும். ஆனால் ஓம் பொருந்துகிறது, கதவுக்கு ஏற்கெனவே வரும் மின்சார வயரும் சிக்னல் வயரும் பயன்படுகின்றன, கதவு ரப்பரைத் தொட வேண்டியதில்லை. இழப்பது பழைய போர்டில் இருந்த ஏற்ற இறக்கத்தை மட்டும். அதையும் செட்டுக்கும் ஆம்புக்கும் நடுவே ஒரு டி.எஸ்.பி. வைத்து, பழுதில்லாத பக்கத்துக் கதவை அளந்து, அதே வளைவைக் கொடுத்துவிடலாம். அளக்க ஒரு நல்ல கதவு மிச்சம் இருக்கும்போதே அளந்து வைப்பது நல்லது. நான்கு ஆம்பும் ஒரே வயசு, ஒன்று போனால் மற்றவை அதிக நாள் தாக்குப்பிடிப்பதில்லை. இதே காரணத்தால், பழுது பார்க்கும்போதும் ஒரு கதவோடு நிறுத்த மாட்டேன். நான்கு பெட்டியையும் ஒன்றாகக் கழற்றுவேன். ஒழுகாமல் இருக்கும் கெபாசிட்டரும் அதே தொகுப்பில் வந்ததுதான்.

முழு மாற்றத்தைத் தேர்ந்தெடுத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. தொழிற்சாலை வயரை வெட்டாதீர்கள். பழைய கனெக்டரை அப்படியே விட்டுவிட்டு, அதன் அருகில் புதிய வயரை ஓடவிட முடியும், அரை மணி நேரம் கூடுதல் வேலை அவ்வளவுதான். கழற்றிய பெட்டிகளைப் போர்டோடும் கோனோடும் சேர்த்து, எந்தப் பெட்டி எந்தக் கதவு என்று ஒரு டேப்பில் எழுதி ஒட்டி, பரணில் ஈரம் படாத இடத்தில் வையுங்கள். போன மாதம்கூட ஒருவர் அப்படி எழுதிய நான்கு பெட்டிகளோடு வந்தார். காரை அவர் செகண்ட்ஹேண்டாக வாங்கியவர். முந்தைய உரிமையாளர் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கழற்றி வைத்தது. ‘இடது முன்’ என்று நீல மையில் எழுதியிருந்த டேப்பை உரித்துவிட்டு மூடியைத் திறந்தேன். கம்பியின் நுனி பட்டதும் கவுச்சி வந்தது. தடங்கள் எல்லாம் முழுசாக இருந்தன.